தையல் மெஷினுக்காகத் திரும்பிப் போனவர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் உறவுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் நான் "விசா ஆபீசில்" வேலை பார்த்தவள் என்றுதான் சொல்வார்கள். பல வருடம் விளக்கிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். பெரியம்மா மகன் ஒருவன் தன் பையனுக்குக் கனடா விசா "எழுதிக் கொடுக்க" முடியுமா என்று இன்றைக்கும் கேட்கிறான். நான் பதினொரு வருடம் பார்த்த வேலை வேறு. விசா இல்லாமல், பல நேரம் பாஸ்போர்ட்டே இல்லாமல் வந்து, "ஊருக்குத் திரும்பினால் கொன்றுவிடுவார்கள்" என்று சொல்பவரின் எதிரில் உட்கார்ந்து, அவரை அகதி என்று ஏற்கலாமா என்று தீர்மானித்து எழுதுவது. எந்த நாடு, எந்த அலுவலகம் என்று இங்கே சொல்ல மாட்டேன். வேலை முடிந்தாலும் ரகசியம் காப்பதாகப் போட்ட கையெழுத்து முடியவில்லை. இதில் வருகிறவர்களின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

சட்டம் சின்னதுதான். 1951 ஜூலையில் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் அகதி யார் என்பதற்கு ஒரே ஒரு நீண்ட வாக்கியம் இருக்கிறது. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த ஆதாரமுள்ள அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர். அவ்வளவுதான். பசி இந்த ஐந்தில் இல்லை. கடன் இல்லை. மழை பொய்த்தது இல்லை. "எங்கள் ஊரில் வாழ வழியில்லை" என்று மூன்று மணி நேரம் அழுதவரிடம் இந்த ஐந்தில் எதுவும் கிடைக்காமல் கோப்பை மூடியிருக்கிறேன். தமிழில் 'அகதி' என்றால் கதியற்றவர். அந்தப் பொருளில் அவரும் அகதிதான். உடன்படிக்கை தமிழில் எழுதப்படவில்லை.

விசாரணை அறை எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சினிமாவில் வருவது போல மேலே ஒற்றை விளக்கெல்லாம் தொங்காது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர், டிஷ்யூ பெட்டி. பெட்டியை வந்தவரின் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் அவர் கண்ணுக்கு நேராக இல்லாமல் வைக்க வேண்டும். நேராக வைத்தால் "அழு" என்று சொல்வது போல ஆகிவிடும். அவர் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் சொல்வார், நான் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டச்சு செய்வேன். ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர் என் விரல்களின் வேகத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு விசைப்பலகைச் சத்தம் நிற்கும் வரை காத்திருப்பார். நின்றதும் அடுத்தது. தன் அண்ணனைச் சுட்டுக் கொன்றதைக்கூட அப்படித்தான், தவணை தவணையாக, என் சௌகரியத்துக்கு ஏற்பச் சொல்வார்.

மொழிபெயர்ப்பாளர்கள் தன்மையில்தான் பேச வேண்டும். "அவரை அடித்தார்களாம்" என்று சொல்லக் கூடாது, "என்னை அடித்தார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசிரியர், ஒரு வருடத்தில் நூறு முறை "என்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு மாலையில் மார்க்கெட்டுக்குப் போவார். எங்களுக்காவது ஆலோசகர் இருந்தார். அவர்களைப் பற்றி யார் நினைத்தார்கள்?

என் தாய்மொழிக்காரர்களின் விசாரணையை நான் நேரடியாக எடுக்கவில்லை. ஆனால் மற்ற அதிகாரிகள் எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்புக்கு வந்தபோது ஓர் இலங்கைத் தமிழரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. நிராகரிக்கலாம் என்று பரிந்துரை. காரணம், படிவத்தில் சகோதரர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறார். விசாரணையில் மூன்றாவதாக ஓர் அண்ணனைப் பிடித்துச் சென்றதாகச் சொல்கிறார். ஆக, மையமான நிகழ்வே ஜோடிப்பு. பத்து நிமிடம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பெரியப்பா மகன் அண்ணன் இல்லாமல் வேறு யார்? அவர் அண்ணன் என்றார், மொழிபெயர்ப்பு 'பிரதர்' ஆக்கியது, அதிகாரி எண்ணிப் பார்த்தார், கணக்கு இடித்தது. திரும்பக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். அதிகாரி நல்லவர், உழைப்பாளி. அவர் மொழியில் அண்ணன் இல்லை, அதுதான் விஷயம்.

தேதியும் இப்படித்தான். எத்தியோப்பியாவின் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் நிற்கிறது. ஆப்கானியர் வருடத்தை மார்ச்சில் தொடங்குகிறார்கள். அவர்களுடைய 1380 நமக்கு 2001. அவசரத்தில் மாற்றிப் போட்டால் சிறைக்குப் போவதற்கு முன்பே விடுதலையானவர்கள் கிடைப்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் நாங்களே என்ன செய்கிறோம்? கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு முந்தின வாரம், குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடந்த மறுநாள், மேட்டூர் அணை நிரம்பிய வருடம். எந்த வருடம் நிரம்பியது என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும்.

ஊரை நிரூபிக்கும் கேள்விகள் என்று ஒரு வகை உண்டு. நீ இன்ன ஊர் என்கிறாயே, அங்கே ஓடும் ஆறு எது, மலைக்குப் போகும் வழி எது? ஒரு விடுமுறையில் இதை என் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஏற்காட்டுக்கு நூறு முறையாவது போய் வந்த சித்தப்பாவிடம், மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று கேட்டேன். பதினாலு என்றார். இருபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. சேலத்தின் நடுவே ஓடும் ஆறு எது என்று கேட்டதற்குத் தம்பி மகள், "ஆறா, இங்கேயா?" என்றாள். திருமணிமுத்தாறு என்று சொன்னதும், "அது சாக்கடையல்லவா அத்தை" என்றாள். இரண்டு பேரும் பெயில். சேலத்துக்காரர்களே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிற எல்லோரும் உண்மை சொல்கிறார்கள் என்று நான் நம்பியதாக எண்ண வேண்டாம். பொய் வரும், நிறைய வரும். ஒரே வாரத்தில் மூன்று பேர், ஒரே கிணறு, ஒரே நாய், ஒரே "அப்போது நிலா வெளிச்சம் இருந்தது". யாரோ விற்ற கதை. அப்படிப்பட்ட கோப்புகளை நிராகரித்ததில் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. தலைவலி கொடுத்தவர்கள் வேறு வகை: உண்மையான ஆபத்தில் இருந்துகொண்டே தேவையில்லாத பொய்யைச் சொன்னவர்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். உண்மையில் கப்பல் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து. வழியைப் பற்றிச் சொன்னது பச்சைப் பொய். அதனால் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் படுகொலை நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? எங்கள் பயிற்சியின் பாதி இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான். எது மையம், எது ஓரம்.

எவ்வளவு உறுதி வேண்டும் என்பதிலும் தமிழர்களுக்கு ஒரு பங்கு உண்டு, வேண்டாத பங்கு. பிரிட்டனில் சிவகுமாரன் வழக்கு என்று ஒன்று. தஞ்சம் கேட்ட ஆறு இலங்கைத் தமிழர்கள் சம்பந்தப்பட்டது. அச்சம் மனதில் இருந்தால் போதாது, துன்புறுத்தல் நடப்பதற்கு "நியாயமான அளவு வாய்ப்பு" வெளியே இருக்க வேண்டும் என்று 1987 டிசம்பரில், அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அளவுகோல் உண்மையில் தாழ்வானதுதான். அதே வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூடப் போதுமானதாக இருக்கலாம் என்றது. ஆனால் அந்தத் தாழ்வான வாசலிலும் அவர்கள் இடித்துக்கொண்டார்கள். 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐந்து பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பாகி, 1989-இல் பிரிட்டன் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. உலகம் முழுக்க அகதிச் சட்டம் படிக்கிறவர்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்குப் பாடம் எடுத்தவர் "சிவாகுமாரான்" என்று உச்சரித்தார்.

இனி தையல் மெஷின்.

அவர் ஒரு மலைநாட்டுக்காரர். தையற்காரர். ஆயுதம் ஏந்திய குழு ஒன்று அவர் சீருடை தைத்துத் தர மறுத்ததற்காக வீட்டுக்கு வந்து மிரட்டியது. அடுத்த கிராமத்துக்குத் தப்பி ஓடினார். அதுவரை எல்லாம் கோவையாக இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பிப் போய் இரண்டு இரவு தங்கியதாக அவரே சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை. ஏன் போனீர்கள்? தையல் மெஷினை எடுத்துவர. உயிருக்கு ஆபத்து என்று சொன்னீர்களே? ஆமாம். தெரிந்தும் போனீர்களா? ஆமாம். ஒரு மெஷினுக்காகவா? அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தக் கேள்வியே புரியாதவர் போல "மெஷின் அங்கே இருந்தது" என்றார்.

"உயிருக்கு அஞ்சித் தப்பியதாகக் கூறும் ஒருவர் தையல் இயந்திரத்துக்காக அதே வீட்டுக்குத் திரும்பி இரண்டு இரவுகள் தங்கினார் என்பது நம்பும்படியாக இல்லை." இது நான் எழுதியது. நான்கு வருட அனுபவம் அப்போது, எழுத்தில் நல்ல கை. சரிபார்த்தவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். முப்பது நாளும் கடந்தது, மனு வரவில்லை. வாசலில் தேநீர் விற்பவனிடம் சொல்லிக்கொண்டு போனார் என்றார்கள்.

வேலையை விட்டு ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சென்ற பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு பெயிண்டர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, பேச்சில் கொஞ்சம் இலங்கை மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொலுசுப் பட்டறையைத் தம்பியிடம் விட்ட பிறகு அவருக்குப் பொழுதுபோக்கே வேலைக்கு வருகிறவர்களை விசாரிப்பதுதான். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

"எந்த ஊர் தம்பி?"

"இங்கேதான் ஐயா. முகாம்."

"அதற்கு முன்னால்?"

"வவுனியா பக்கம். அதற்கு முன்னால் கண்டி, தேயிலைத் தோட்டம். அதற்கும் முன்னால்…" சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ராசிபுரம் என்று தாத்தா சொல்லுவார்."

ராசிபுரம் இப்போது நாமக்கல் மாவட்டம், அன்று சேலம் ஜில்லா. திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனது பள்ளிக்கூடச் சரித்திரம். அந்த ஆட்களில் ஒருவரின் பேரன் மகன், மூதாதையர் புறப்பட்ட இடத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், வெளிநாட்டவர் என்று பதிவாகி முப்பத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறார். இவரைப் போன்ற இந்திய வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமை கேட்டுப் போட்ட வழக்கில், மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. இவர் அந்த 65-இல் இல்லை.

என் வேலையைப் பற்றி அப்பா பெருமையாக, "அகதியா இல்லையா என்று சர்ட்டிபிகேட் கொடுத்தவள்" என்று அறிமுகம் செய்தார். பெயிண்டர் ஏணியிலிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"எங்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே அக்கா?"

கேட்க மாட்டார்கள். இந்தியா 1951 உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை, அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆப்கானியர், சோமாலியர் போன்றவர்களைத் தில்லியில் ஐ.நா. அகதிகள் அமைப்பு ஒவ்வொருவராக விசாரித்து அட்டை தருகிறது. இலங்கைத் தமிழர்களையும் திபெத்தியர்களையும் அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. படகில் வந்து இறங்கினால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம், உளவு பார்க்கும் க்யூ பிரிவு போலீஸ் விசாரணை, பதிவு, பிறகு ஏதாவது ஒரு மாவட்டத்தில் முகாம். ஏன் பயந்தாய், எந்தக் காரணத்தால் என்று ஐந்து கட்டம் போட்டு யாரும் கேட்பதில்லை. மொத்தமாக ஏற்றுக்கொள்வார்கள், மொத்தமாகவே அப்படியே வைத்திருப்பார்கள். 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாய் ஆனது. நான் பார்த்த வேலையில் மனிதர்களைச் சல்லடையில் போட்டுச் சலித்தோம், ஆனால் உள்ளே வந்தவர் கையில் ஓர் உரிமை இருந்தது. இங்கே சல்லடை இல்லை, உரிமையும் இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால் நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

"அப்படியென்றால் இப்போது கேளுங்கள் அக்கா. பாஸா பெயிலா பார்ப்போம்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். எந்த வருடம்? தொண்ணூறு. வயது? எட்டு. மாதம்? அம்மாவுக்குத்தான் தெரியும். படகில் எத்தனை பேர்? "நிறைய." எத்தனை மணிக்கு ஏறினீர்கள்? "இருட்டு." ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட்டான், தண்ணீர் இடுப்பு வரை, அதாவது பெரியவர்களுக்கு இடுப்பு வரை. பிறகு அவராகவே ஒன்று சொன்னார். அம்மா ஒரு கோழியை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். படகுக்காரன் கத்தினான், கடலில் போடு என்றான். அம்மா போடவில்லை. மண்டபத்தில் அதை அடித்துக் குழம்பு வைத்தார்கள். "ஆனால் அக்காவைக் கேட்டால் கடலில் போட்டுவிட்டோம் என்று அழுவாள். இன்றைக்கும் அழுவாள்."

என்னையும் அறியாமல் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்: ஒரே குடும்பத்தினர் இருவரின் கூற்றுகளுக்கிடையே முரண்பாடு. விவரங்கள் போதாமை. வயதைக் கருத்தில் கொள்ளலாம்.

பதினொரு மணிக்கு அப்பா அவருக்கு டீ நீட்டினார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டிருந்தார். முன்கையின் உள்பக்கம், முழங்கை வரை ஓடும் அந்தத் தழும்பு எனக்கு நினைவு தெரிந்த நாளாகத் தெரியும். வெள்ளி உருக்கும்போது பட்டது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். சேலத்தில் வெள்ளி வேலை செய்கிறவர் கையில் சூட்டுத் தழும்பு இல்லாவிட்டால்தான் அதிசயம். அலுவலகத்தில் சூட்டுக்காயக் கோப்புகள் வந்தால் என்னிடம் காட்டுவார்கள். தெறித்த உலோகம் சின்னச் சின்ன வட்டமாக விழும், பழுத்த கம்பி கோடாக விழும் என்பதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு தமிழரின் வழக்கும் தழும்பைப் பற்றியதுதான். அவர் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்காக நகைகளைக் கணக்கெழுதி உருக்கியவர். கையிலும் முதுகிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்றார். முதுகுத் தழும்புகளின் விளிம்பு மிகச் சீராக இருக்கிறது, துடித்திருந்தால் இப்படி விழாது, ஆகவே தஞ்சத்துக்காக இவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழே முடிவு செய்தார்கள். நினைவிழந்து கிடந்தபோது சுட்டிருந்தால் துடித்திருக்க மாட்டாரே என்று மருத்துவர் சொன்னது எடுபடவில்லை. உச்ச நீதிமன்றம்தான் வழக்கைப் புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு அப்பாவின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும், அது எப்படி வந்தது என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டார்களே, உருக்கும்போது பட்டதென்று.

பெயிண்டர் கேட்டார். "ஐயா, இது என்ன தழும்பு?"

"தீ. பட்டறை எரிந்தது தம்பி. எங்கள் கல்யாணமான முதல் ஆடி. எல்லோரும் குகையில் வண்டி வேடிக்கை பார்க்கப் போய்விட்டோம். யாரோ ஓடி வந்து சொன்னான். வந்து பார்த்தால் ஓலைக் கூரை பற்றிக்கொண்டது. வெள்ளியெல்லாம் வீட்டுப் பெட்டியில் இருந்தது, ஒன்றும் நஷ்டமில்லை. வெளியேதான் நின்றேன். அப்புறம் டின் ஞாபகம் வந்தது."

"என்ன டின் ஐயா?"

"கூட்டின மண்."

பட்டறைத் தரையைத் தினமும் கூட்டி அந்த மண்ணை ஒரு டின்னில் சேர்த்து வைப்பார்கள். அராவும்போது சிந்தும் வெள்ளித் தூள் அதில் இருக்கும். டின் நிறைந்ததும் மண்ணைக் கழுவி உருக்குகிறவர்கள் வாங்கிப் போவார்கள். பெரிய காசு கிடையாது. வீட்டில் பெட்டி நிறைய வெள்ளி இருக்க, எரிகிற கூரைக்குக் கீழே, குப்பை மண் டின்னை எடுக்க ஒருவர் உள்ளே போயிருக்கிறார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது, புது மாப்பிள்ளை.

"உள்ளே போகலாமா ஐயா? உயிர் போயிருந்தால்?" என்றார் பெயிண்டர்.

"டின் அங்கே இருந்ததே" என்றார் அப்பா.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தீயா? எந்தத் தீ? பட்டறை எரியவே இல்லை. பக்கத்து வீட்டுக் கூரைதான் எரிந்தது. இவர் கை திராவகத்தில் வெந்தது, பாதரசம் மாதிரிக் கையெல்லாம் பளபளவென்று வீங்கிக்கொண்டு வந்து நின்றார்."

"ஆடியில் நீ அம்மாபேட்டையில் உன் அம்மா வீட்டில் இருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாபேட்டை என்ன அமெரிக்காவா? மறுநாளே வந்து பார்த்தேன்."

"மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள்."

பெயிண்டர் டம்ளரை வைத்துவிட்டு ஏணியை நகர்த்தினார். நாளைக்கு வர முடியாது அக்கா, முகாமில் தலை எண்ணுகிறார்கள், நாளை மறுநாள் வந்து இந்தச் சுவரை முடித்துவிடுகிறேன் என்றார். சரி என்றேன். அப்பாவின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஐம்பது வருடத் தழும்பு. சுருங்கி, தோல் நிறத்தோடு கலந்து, விளிம்பு எது என்றே தெரியவில்லை. தீயாகவும் இருக்கலாம், திராவகமாகவும் இருக்கலாம்.

"என்ன கண்ணு, இப்படி பார்க்கிறாய்?" என்று கையை இழுத்துக்கொண்டார். "வழியில் வாளி இருக்கிறது, காலில் இடித்துக்கொள்ளாதே."